சித்தப்பா திறந்துவிட்ட கேஸ்

வத்தல்மலைக்கு இப்போது பைக்கிலேயே போய்விடலாம். தர்மபுரியிலிருந்து அடிவாரம் வரை சாதாரண ரோடு. அதற்கப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று ஒரு சுற்று குளிர்ந்துகொண்டே வரும். ரோடு இல்லாத காலத்தில் இந்த மலையை நடந்தே ஏறியவர் என் சித்தப்பா. மேலே பெரியூரில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. மலையாளிப் பழங்குடிக்காரர். கேரளத்து மலையாளி அல்ல, தமிழ் பேசுகிற மலைக்காரர். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, மழையை நம்பிச் சாமையும் கேழ்வரகும்.

சித்தப்பா தர்மபுரியில் இருபது வருஷம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது முழங்கால் வலி, கடை இல்லை. போன ஐப்பசியில் அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நான்தான் ஏறினேன். நண்பர் வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நான் வேதியியல் படித்தவன் என்பதால் பேச்சு எப்படியோ ஓசோன் பக்கம் திரும்பிவிட்டது. சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"டேய், அந்தக் காலத்துல நான் கடையில திறந்துவிட்ட கேஸ் எல்லாம் எங்கடா போயிருக்கும்?"

சும்மா கேட்ட மாதிரிதான் கேட்டார். ஆனால் ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த கேள்வி என்று குரலிலேயே தெரிந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "மேல போயிருக்கும் சித்தப்பா" என்று மழுப்பினேன். இறங்கிவந்த பிறகு தேடித்தேடிப் படித்தேன். அவருடைய கேள்விக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

கதை ஒரு மெழுகுவத்தியில் தொடங்குகிறது. வேதியியல் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. பாரிஸ் நகரத்தின் துயிலரி அரண்மனையில் விருந்து. மெழுகுவத்திகளை ஏற்றியதும் வந்தவர்கள் எல்லாம் இருமத் தொடங்கிவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலை கடைசியில் ழான் பாப்டிஸ்ட் துமா என்ற இளம் வேதியியலாளரிடம் வந்து சேர்ந்தது. மெழுகை வெள்ளை வெளேர் என்று ஆக்குவதற்குக் குளோரின் போட்டு வெளுத்திருந்தார்கள். அந்தக் குளோரின் மெழுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எரித்தபோது ஹைட்ரஜன் குளோரைடாக, அதாவது நாம் லேபில் பார்க்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் வாயுவாக வெளியே வந்தது. இருமலுக்குக் காரணம் அதுதான்.

துமா அதோடு விடவில்லை. குளோரின் மெழுகின் மேல் சும்மா படிந்திருக்கவில்லை, மெழுகு மூலக்கூறில் இருந்த ஹைட்ரஜனைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது என்று 1834 வாக்கில் சொன்னார். இன்று பிளஸ் டூ புத்தகத்தில் பதிலீட்டு வினை என்று ஒரு பத்தியில் முடிந்துவிடுகிற சமாச்சாரம். அன்று அது பெரிய சண்டை. ஸ்வீடனின் பெர்சீலியஸ் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஹைட்ரஜன் நேர்மின் குணம் கொண்டது, குளோரின் எதிர்மின் குணம் கொண்டது, ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று எப்படி உட்காரும் என்பது அவர் வாதம்.

சண்டைக்கு நடுவே 1840இல் ஜெர்மனியின் வோலர் ஒரு குறும்பு செய்தார். ஏமாற்றுக்காரன் என்று ஒலிக்கிற ஒரு பொய்ப் பெயரில் ஆய்விதழில் கடிதம் எழுதினார். ஒரு சேர்மத்தில் ஹைட்ரஜனை மட்டுமல்ல, எல்லா அணுக்களையும் எடுத்துவிட்டுக் குளோரினை வைத்துவிட்டேன், ஆனாலும் பொருள் பழையபடியே இருக்கிறது என்றார். லண்டன் கடைகளில் இப்போதே குளோரினால் நெய்த துணி விற்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

கிண்டல்தான். ஆனால் இன்று தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸ் பேனரைப் பாருங்கள். அது பி.வி.சி. பூசிய துணி. பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். வோலரின் நக்கல் நம்ம ஊரில் கல்யாண வாழ்த்தாகவும் கண்ணீர் அஞ்சலியாகவும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

*

குளோரின் ஹைட்ரஜனின் இடத்தைப் பிடிக்கும் என்று தெரிந்துவிட்டது. எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு வேகத்தில் பிடிக்கிறது என்பது தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. அதற்கு வழிகாட்டியது வெளிச்சம். ஹைட்ரஜனையும் குளோரினையும் கலந்து இருட்டில் வைத்தால் சும்மா இருக்கும், வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று 1809இலேயே கே-லூசாக்கும் தெனாரும் பார்த்திருந்தார்கள். 1913இல் மாக்ஸ் போடன்ஸ்டைன் இதை எண்ணிப் பார்த்தார். ஒரு ஒளித்துகள் விழுந்தால் ஒரு மூலக்கூறு மாற வேண்டும், அதுதானே கணக்கு? அவருக்குக் கிடைத்ததோ ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில். 1918இல் நெர்ன்ஸ்ட் அதற்கு விளக்கம் சொன்னார்.

வெளிச்சம் பட்டுக் குளோரின் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. தனியாக விடப்பட்ட குளோரின் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் குறை. அது ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு அமைதியாகிவிடுகிறது. ஆனால் பிடுங்கப்பட்டதில் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் அணு இப்போது அநாதை. அது அடுத்த குளோரின் மூலக்கூறைப் போய்ப் பிளக்கிறது. மறுபடி ஒரு தனிக் குளோரின் அணு பிறக்கிறது. ஒருத்தன் கடனை அடைக்க இன்னொருத்தனிடம் கடன் வாங்குகிற கதை. கடன் தீராது, ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பான். தொடர்வினை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

கரிமச் சேர்மங்களோடும் இதே பிடுங்கல்தான். மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜன், ஈத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜன். ஆனால் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் பிடுங்குவதில்லை. அறை வெப்பநிலையில் மீத்தேனோடு மோதும் குளோரின் அணுவுக்கு ஏறக்குறைய மூவாயிரம் மோதலில் ஒன்றுதான் பலிக்கும். ஈத்தேன் என்றால் ஐந்து, ஆறு மோதலுக்கு ஒன்று. மரங்கள் விடுகிற ஐசோப்ரீன் என்றால் மோதிய மோதல் எல்லாமே வினைதான். இந்த வித்தியாசத்தைக் குறிக்கிற எண்ணுக்குப் பெயர் வினைவேக மாறிலி. பார்க்க அற்பமான எண். மீத்தேனுக்கு அதை எழுத வேண்டுமானால் புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம் போட்டு அப்புறம் ஒரு ஒன்று போட வேண்டும். இந்தக் குட்டி எண்தான் பின்னால் உலக அரசாங்கங்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது.

*

அதற்கு முன்னால் மேட்டூருக்குப் போய்வர வேண்டும். தர்மபுரிக்காரர்களுக்கு மேட்டூர் பக்கத்து ஊர் மாதிரி. அணை 1934இல் முடிந்தது. அணை வந்ததும் மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்ததும், 1936இல், அங்கே ஒரு ரசாயனக் கம்பெனி தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின். சோப்புக்கும் துணிக்கும் காஸ்டிக் சோடா தேவை. கூடவே பிறக்கிற குளோரினை என்ன செய்வது? உலகத்தில் இந்தத் தொழில் நடக்கிற எல்லா ஊரிலும் இதே கேள்விதான். கிடைத்த பதில்களும் ஒரே மாதிரிதான்: பூச்சிமருந்து, பி.வி.சி., கரைப்பான்கள், குளிர்பதன வாயு. பிறகு இந்தியாவில் சி.எஃப்.சி. எனப்படும் குளோரோஃப்ளோரோகார்பன்களைத் தயாரித்த நான்கு கம்பெனிகளில் ஒன்று மேட்டூரைச் சேர்ந்தது.

சி.எஃப்.சி. வந்த கதையிலும் ஒரு மெழுகுவத்தி உண்டு. 1920களில் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தவை அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்றுத் தேடிய தாமஸ் மிட்ஜ்லி 1930இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் புது வாயுவை எல்லாருக்கும் முன்னால் நெஞ்சு நிறைய இழுத்தார். அப்படியே ஒரு மெழுகுவத்தி மீது ஊதினார். மெழுகுவத்தி அணைந்தது. மிட்ஜ்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷமில்லை, தீப்பிடிக்காது, எதோடும் சேராது. ஹைட்ரஜன் இருந்தால்தானே பிடுங்குவதற்கு? இதில் எல்லா ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டுக் குளோரினையும் ஃப்ளோரினையும் வைத்திருந்தார்கள். துமாவின் பதிலீட்டை முழுசாகச் செய்து முடித்த மூலக்கூறு.

சித்தப்பா கடையில் இதற்குப் பெயர் ஆர்-12. கம்ப்ரஸர் மாற்ற வேண்டுமென்றாலும், குழாயில் ஓட்டை அடைக்க வேண்டுமென்றாலும் முதல் வேலை உள்ளே இருக்கிற கேஸை வெளியே விடுவது. ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் நூறிலிருந்து இருநூறு கிராம் வரை இருக்கும். "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம். வாசனை கிடையாது, புகை கிடையாது. சின்னப் பையனாகக் கடைக்குப் போகும்போது அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழாய் முனையில் விரலை வைத்தால் ஜில்லென்று இருக்கும்.

ஒன்று மட்டும் சித்தப்பா கண்டிப்பாகச் சொல்வார். "கேஸ் முழுசா போகாம டார்ச்சைக் காட்டாத. கண்ணு எரியும், நெஞ்சு அடைக்கும்." எதோடும் சேராத அந்த வாயுவையும் நெருப்பு பிளந்துவிடும். பிளந்தால் வருகிறவற்றில் ஹைட்ரஜன் குளோரைடும் ஒன்று. துயிலரி அரண்மனையின் அதே இருமல். சித்தப்பாவுக்குத் துமா யார் என்று தெரியாது. ஆனால் உறுதியான மூலக்கூறு என்று உலகம் நம்பியதற்கும் ஒரு எல்லை உண்டு என்பது அவர் நெஞ்சுக்குத் தெரிந்திருந்தது.

*

நெருப்பு இல்லாத இடத்தில் அதை யார் பிளப்பது? இந்தக் கேள்வியை 1970கள் வரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஜேம்ஸ் லவ்லாக் 1971இல் கப்பலில் அண்டார்டிகா பக்கம் போய்வந்தபோது வழியெல்லாம் காற்றில் சி.எஃப்.சி.-11ஐ அளந்தார். அதுவரை உலகம் தயாரித்ததில் ஏறக்குறைய எல்லாமே இன்னும் காற்றில்தான் இருந்தது. எங்கேயும் போகவில்லை.

ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1974 ஜூன் 28 அன்று 'நேச்சர்' இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. கீழே எதுவும் தொடாத இந்த மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மேலே ஏறும். ஓசோன் படலத்துக்கு மேலே கடுமையான புற ஊதாக் கதிர் இருக்கிறது. அங்கே பிளவுபடும். தனிக் குளோரின் அணு வெளியே வரும். அது ஓசோனிலிருந்து ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கும், பிறகு அதை இன்னொரு ஆக்சிஜன் அணுவிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் தனியாக நிற்கும். அதே கடன்காரன் கதைதான். ஒரு அணு அடங்குவதற்குள் லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை போய்விடும்.

அது எப்போது அடங்கும்? இங்கேதான் அந்தக் குட்டி எண் வருகிறது. மேலே அடுக்கு மண்டலத்திலும் கொஞ்சம் மீத்தேன் இருக்கிறது. குளோரின் அணு மீத்தேனைச் சந்தித்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கினால் ஹைட்ரஜன் குளோரைடாகி ஓய்ந்துவிடும், குறைந்தது கொஞ்ச காலத்துக்காவது. ஆக, குளோரின் அணு ஓசோனை எவ்வளவு வேகமாகத் தின்னும், மீத்தேனிடம் எவ்வளவு வேகமாகச் சிக்கும் என்ற இரண்டு எண்களுக்கு இடையில்தான் ஓசோன் படலத்தின் கதி இருந்தது. மேலே குளிர் வேறு. மைனஸ் ஐம்பது டிகிரியில் மீத்தேன் வினையின் வேகம் அறை வெப்பத்தில் இருப்பதில் கால்வாசிக்குப் போய்விடும். அந்தக் குளிரில் ஒரு லேபில் அளந்த எண்ணும் இன்னொரு லேபில் அளந்த எண்ணும் சரியாக ஒத்துப்போகவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் இந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணை அளக்க உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஏ.ஆர். ரவிசங்கரா. கர்நாடகத்துக்காரர், மைசூர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1980இல் அவரும் பால் வைனும் ஒரு லேசர் துடிப்பால் குளோரின் அணுக்களை உண்டாக்கி, அவை மீத்தேனிடம் சிக்கிக் குறைந்துகொண்டே போவதை ஒளிர்வை வைத்துப் பின்தொடர்ந்து அளந்தார்கள். லேபுக்கு லேப் எண் ஏன் மாறுகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். வெளியே தெரியாத வேலை. ஆனால் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாக உறுதிசெய்த பிறகுதான் உடன்படிக்கை எழுதுகிற அதிகாரிகளின் கையில் நம்பகமான கணக்கு இருந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். அவருடைய முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில். குளிர்பதன வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது. கிட்டத்தட்ட சித்தப்பா செய்த வேலை. சில வருஷம் கழித்து அமெரிக்காவில் அவர் அதே வாயுவை வேறொரு கண்ணால் பார்த்தார். ஓசோனை விடுங்கள், இந்த வாயு பூமியின் வெப்பத்தையும் பிடித்துவைக்கிறது, ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு சுமார் பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம் என்று 1975இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். கசிவை அடைக்கப் போனவர் கசிந்தது எங்கே போகிறது என்று கேட்டார்.

1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டையை அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. 1995இல் ரோலண்ட், மொலினா, குருட்சன் மூவருக்கும் நோபல். 2008 ஆகஸ்ட் 1 முதல் ஆஸ்துமா மருந்துக் குப்பி போன்ற சில தேவைகள் தவிர இந்தியாவில் சி.எஃப்.சி. உற்பத்தி நின்றது. மேட்டூரும் நிறுத்தியது.

*

வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? பெரியூரில் நண்பர் வீட்டுக்குப் பக்கத்தில் சாமையும் கேழ்வரகும் அடுத்தடுத்துக் கதிர் முற்றி நின்றன. குருவிக் கூட்டம் இரண்டிலும் விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு கணக்கு. குருவி எத்தனை என்று எண்ணவே முடியாது. ஆனால் சாயங்காலம் போய், சாமையில் எவ்வளவு மிச்சம், கேழ்வரகில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் குருவிக்கு எது பிடிக்கும், எத்தனை மடங்கு பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். கேழ்வரகைத் தின்கிற வேகம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் சாமையின் வேகமும் கிடைத்துவிடும்.

ஒப்பீட்டு வேக முறை என்பது இதுவேதான். ஒரு கண்ணாடிக் கலத்தில் வேகம் தெரியாத சேர்மம், வேகம் தெரிந்த சேர்மம், குளோரின் அணுவைத் தரக்கூடிய ஏதாவது ஒன்று. புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் குளோரின் அணுக்கள் பிறந்து இரண்டையும் தின்னத் தொடங்கும். அவ்வப்போது ஒரு சிட்டிகை வாயுவை எடுத்து கேஸ் குரோமட்டோகிராஃபில் போட்டு, எது எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். குருவியை எண்ண வேண்டியதே இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் பி. ராஜகுமாரின் ஆய்வுக்குழு பல வருஷமாகச் செய்வது இந்த மாதிரி வேலை. கரைப்பான்கள், எஸ்டர்கள், ஃப்ளோரின் சேர்ந்த புதுச் சேர்மங்கள் என்று ஒவ்வொன்றையும் குளோரின் அணுவோடும் ஹைட்ராக்சிலோடும் மோதவிட்டு வேகத்தை அளக்கிறார்கள். ராஜகுமார் முன்பு ரவிசங்கராவோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர். கேள்வி கைமாறி வந்திருக்கிறது: இந்தப் பொருளைக் காற்றில் விட்டால் எத்தனை நாள் இருக்கும்?

கீழே, நாம் மூச்சுவிடுகிற காற்றில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஹைட்ராக்சில்தான். ஒரு கனசென்டிமீட்டரில் அது சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். குளோரின் அணு ஆயிரம்கூட இருக்காது. வத்தல்மலை மரங்கள் பகலில் விடும் ஐசோப்ரீனை ஹைட்ராக்சில் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். அந்த ஆயிரம் குளோரின் அணுக்களை மட்டும் நம்பியிருந்தால் ஒரு மாதம் ஆகும். ஆனால் குளோரின் எங்கே திரள்கிறதோ அங்கே கணக்கு மாறிவிடும். கடலோரத்தில் இரவெல்லாம் உப்புத் துகளில் சேர்ந்து, விடியலில் வெயில் பட்டதும் குளோரின் அணு வெளியே வருவதைக் கண்டிருக்கிறார்கள். கடலே இல்லாத டெல்லியின் பனிக்காலக் காற்றிலும் குளோரைடு குவிந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே முதலானோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறது. அந்தக் குளோரைடு துகளுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பனிமூட்டத்தை இன்னும் அடர்த்தியாக்குகிறது.

இதைப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜ் வேலை குறைந்த மாதங்களில் சித்தப்பா பழைய ஒயர்களைக் கட்டுக்கட்டாக எரித்துச் செம்பை எடுப்பார். ஒயரின் மேல்தோல் பி.வி.சி. சுடரில் பச்சை நிறம் ஆடும். அழகாக இருக்கும். செம்பும் குளோரினும் சேர்ந்து எரிகிற நிறம் அது. அந்தப் பக்கம் நின்றால் இருமல் வரும்.

*

ஆர்-12க்குப் பதிலாக வந்தது ஆர்-134ஏ. அதில் குளோரின் இல்லை, ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ராக்சில் அதைப் பிடித்துவிடும், ஆயுள் சுமார் 14 வருஷம். ஓசோனுக்குக் கெடுதலில்லை, ஆனால் பூமியைச் சூடாக்கும். அதைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலித் திருத்தம். கார் ஏ.சி.களில் இப்போது வருவது ஆர்-1234ஒய்எஃப். இதில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஹைட்ராக்சிலும் குளோரின் அணுவும் இதை எளிதாகத் தாக்கிவிடும். ஆயுள் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள். நூறு வருஷத்திலிருந்து பத்து நாளுக்கு! வேகத்தை முன்கூட்டியே அளந்து பார்த்ததன் பலன் இது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்தப் பத்து நாள் கழித்து அது என்னவாகிறது? டிரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலமாக மாறி மழையோடு இறங்குகிறது. அந்த அமிலம் தண்ணீரில் எளிதில் சிதைவதில்லை. ஏரியிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்துகொண்டே போகும். அது எவ்வளவு கெடுதல் என்று உலகத்தில் இப்போது விவாதம் நடக்கிறது. மிட்ஜ்லி காலத்தில் 'இது நம்மை என்ன செய்யும்?' என்று மட்டும் கேட்டார்கள். பிறகு 'எத்தனை நாள் இருக்கும்?' என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். அதற்கு ஐம்பது வருஷம் ஆனது. 'போன பிறகு என்னவாக இருக்கும்?' என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றையும் பொருள் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே கேட்க வேண்டும், கடையில் ஒருத்தன் குழாயைத் திறந்த பிறகு அல்ல. என் சித்தப்பாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. சிலிண்டரின் மேல் விஷமில்லை, தீப்பிடிக்காது என்பதுதான் பெருமையாகச் சொல்லப்பட்டது. அவர் நம்பினார். உலகமே நம்பியது.

*

இதையெல்லாம் படித்து முடித்துவிட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பேப்பரில் போட்ட கணக்கைக் காட்டினேன்.

ஆர்-12இன் சராசரி ஆயுள் சுமார் நூறு வருஷம். அவர் 1990இல் ஒரு ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டிருந்தால் இப்போது முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. அந்தக் கேஸில் பத்தில் மூன்று பங்கு சிதைந்திருக்கும். பத்தில் ஏழு பங்கு இன்னும் காற்றில் இருக்கிறது. தர்மபுரியில் மட்டும் இல்லை. இரண்டு மூன்று வருஷத்திலேயே உலகம் முழுக்கச் சமமாகக் கலந்திருக்கும். இன்று எந்த ஊரில் நின்று ஒரு கனசென்டிமீட்டர் காற்றை எடுத்தாலும் அதில் ஆயிரம் கோடிக்கு மேல் ஆர்-12 மூலக்கூறுகள் இருக்கும். உலகத்தில் இருக்கிற எல்லா மெக்கானிக்கும், எல்லாக் கம்பெனியும், எல்லா உடைந்த ஃப்ரிட்ஜும் சேர்ந்து விட்டவை.

அவர் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாம அன்னிக்கு மேல காபி குடிச்சமே, அங்கயும் இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும் சித்தப்பா."

"அவன் வீட்ல கரண்டே பின்னாடிதான்டா வந்துச்சு. ஃப்ரிட்ஜே கெடையாது."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. குறைந்துகொண்டு வருகிறது, ஓசோன் மெல்ல மெல்லத் தேறிவருகிறது, அண்டார்டிகாவில் இந்த நூற்றாண்டின் பின்பாதியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். அது உண்மைதான். மனிதர்கள் சேர்ந்து ஒரு தப்பை நிறுத்தியதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை. சித்தப்பா தலையாட்டினார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மாசியில மெளகு எடுப்பாங்க. அப்ப ஒரு தடவ போலாம். அவன்கிட்ட இத நானே சொல்றேன்" என்றார்.